விலையும் மதிப்பும்

விளையாட்டு ஒவ்வொன்றற்கும் இரண்டு பருவம் உண்டு. ஆடுகின்ற பருவம் ஒன்று. ஆடாது பேசுகின்ற பருவம் மற்றொன்று. அமெரிக்க நாட்டிற் பேஸ்பால் என்னும் பந்தாட்டத்தை விரும்புவோரை, இவ்விரண்டில் எது இனிது என்று வினவின், விடை கூறச் சிறிது தயங்குவர். மார்ச்சு மாத இறுதியில் தொடங்கிக் குழு ஒவ்வொன்றும் 162 ஆட்டம் ஆடுகின்றது. அதன்பின் உலகத் தொடர் எனப்படும் இறுதிப் போட்டி அக்டோபர் முடிவிலோ நவம்பர்த் தொடக்கத்திலோ நிறைவுறும். அன்றே களங்கள் மூடப்படுகின்றன. பிப்ரவரியிற் புளோரிடா, அரிசோனா மாநிலங்களிற் பயிற்சி தொடங்கும்வரை பந்தும் இல்லை, மட்டையும் இல்லை. ஆயினும் ஆட்டம் ஓய்வதில்லை. அது களத்தினின்று நாவிற்கு இடம் பெயர்கின்றது. முற்காலத்திற் சிற்றூர்க் கடைகளில் எரியும் அடுப்பைச் சூழ்ந்திருந்து குளிர் காய்வோர் இப்பேச்சை வளர்த்தனராதலின், இதற்குச் 'சூட்டடுப்புப் போட்டி' என்று பொருள்படும் 'ஹாட் ஸ்டவ் லீக்' என்னும் பெயர் வழங்கலாயிற்று. அடுப்பு மறைந்தது, பெயரும் பேச்சும் மறைந்தில.

எம் தாய்மாமன் பாஸ்டன் நகரிற் பல்லாண்டாக வாழ்பவர். அவர் வாயிலாகவே இவ்வழக்கு எமக்கு அறிமுகமாயிற்று. பேஸ்பால் மட்டையை யாம் கையால் தொட்டதும் இல்லை. எனினும், எந்த ஆட்டக்காரரை வைத்துக்கொள்ளல் வேண்டும், எவரை மாற்றிவிடல் வேண்டும், எவர்க்கு எத்தனை கோடி கொடுத்தல் தகும் என்று அந்நாட்டார் நிகழ்த்தும் வாதங்களைப் படிப்பது எமக்கு வழக்கமாயிற்று. தமிழ் பயிலும் மாணாக்கர்க்கு இஃது எற்றுக்கு எனின், சொல் எங்கு வழங்கினும் அதன் பொருளை ஆராய்தல் எம் கடனன்றோ? அவ்வாதங்களில் ஒரு சொல் மீண்டும் மீண்டும் வருகின்றது. ஆங்கிலத்தில் 'வால்யூ' எனப்படும் அதனைத் தமிழில் மதிப்பு எனலாம். ஊன்றி நோக்குங்கால், அவர்கள் அவ்வொரு சொல்லை மூன்று பொருளில் வழங்குதல் புலனாகும். விலை ஒன்று, பயன் ஒன்று, அவ்விரண்டிலும் அடங்காத பெருமை ஒன்று. இம்மூன்றும் தம்முள் மயங்குவதனாலேயே வாதம் முடிவுறாது நீள்கின்றது என்பது எம் கருத்து.

முதற்கண் விலையை நோக்குவோம். பாஸ்டன் ரெட் சாக்ஸ் குழுவில் மூக்கி பெட்ஸ் என்பார் ஆடிவந்தார். 2018-ஆம் ஆண்டில் அமெரிக்கன் லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்னும் பரிசு அவர்க்குக் கிடைத்தது. அவ்வாண்டே அக்குழு உலகத் தொடரையும் வென்றது. 2020 பிப்ரவரியில் அவரை லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் குழுவிற்கு மாற்றிவிட்டு, இளம் ஆட்டக்காரர் மூவரைப் பெற்றனர். காரணம் யாது? மேற்பிரிவில் ஆறாண்டு ஆடி முடித்தவர், ஒப்பந்தம் தீர்ந்தபின் தாம் விரும்பிய குழுவிற் சேரலாம் என்பது விதி. பெட்ஸ் அவ்வுரிமை பெற ஓராண்டே எஞ்சியிருந்தது. அன்றியும், சம்பளத்தொகை குறித்த எல்லையைக் கடக்குமாயின் குழு தனி வரி செலுத்துதல் வேண்டும்.

ரசிகர் இரு கட்சியாகப் பிரிந்தனர். "ஓராண்டு கழித்து ஒன்றும் பெறாது இழப்பதினும் இன்று மூவரைப் பெறுதல் நன்று, ஒருவர்க்குக் கொடுக்கும் பொருளை ஐவர்க்குப் பகிர்ந்தளித்தாற் குழு வலிமை பெறும்" என்றனர் ஒரு சாரார். "இத்தகையவர்க்குக் கொடுக்கவன்றோ பொருள் ஈட்டுவது?" என்றனர் மறுசாரார். அவ்வூரார்க்குப் பழம்புண் ஒன்றும் உண்டு. 1919 டிசம்பரிற் பேப் ரூத் என்பாரை 1 லட்சம் டாலருக்கு நியூயார்க் யாங்கீஸ் குழுவிற்கு விற்றனர். 1918-இல் உலகத் தொடரை வென்ற பாஸ்டன், மீண்டும் அதனை வென்றது 2004-இல்தான். பெட்ஸுக்கோ புதிய குழு 2020 ஜூலையிற் பன்னிரண்டு ஆண்டிற்கு 36 கோடியே 50 லட்சம் டாலர் அளிக்க இசைந்தது. அக்டோபரில் அக்குழு உலகத் தொடரை வென்றது. எம் மாமனோ முதற் கட்சியின் கணக்கை ஒப்புக்கொண்டு, இரண்டாம் கட்சியாரோடு கூடி வருந்தினார். "கணக்கு சரி, மனம்தான் ஒப்பவில்லை" என்று அவர் கூறியதை முரண் என்று பிறர் நகைக்கலாம். இவ்வழக்கின் உட்பொருள் முழுதும் அதில் அடங்கியிருப்பதாக எமக்குத் தோன்றிற்று.

இனிப் பயனை நோக்குவோம். ஓர் ஆட்டக்காரராற் குழுவிற்கு விளையும் நன்மை எவ்வளவு என்பதை முன்னாளிற் கண்ணாலும் அனுபவத்தாலும் அளந்தனர். அவ்வளவை பொய்த்ததும் உண்டு. சின்சினாட்டி ரெட்ஸ் குழுவினர் 1965 டிசம்பரில் பிராங்க் ராபின்சன் என்பாரைப் பால்டிமோர் ஓரியோல்ஸ் குழுவிற்கு மாற்றிவிட்டனர். வயது முப்பதே ஆயினும் அஃது இளமையான முப்பது அன்று என்பது குழுவின் தலைவர் கூறிய சமாதானம். அடுத்த ஆண்டில் ராபின்சன் 49 ஹோம் ரன் அடித்து, அடித்தற் சராசரி, ஹோம் ரன், ஈட்டுவித்த ஓட்டம் ஆகிய மூன்றிலும் தம் லீக்கில் முதல்வராகி, புதிய குழுவிற்கு உலகத் தொடரையும் தேடித் தந்தார்.

கண்ணின் பிழையைக் கணக்காற் களையலாம் என்று எழுந்தவருள் பில் ஜேம்ஸ் என்பார் குறிப்பிடத்தக்கவர். கான்சஸ் மாநிலத்தில் உணவுப் பண்டங்களை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்றில் இரவுக் காவற்பணி செய்துகொண்டே, ஆட்டப் பதிவுகளை ஆராய்ந்து, 1977 முதல் தம் முடிபுகளை நூலாக வெளியிட்டார். குழு அலுவலர் பலர் பல்லாண்டு அவற்றைப் பொருட்படுத்தவில்லை. பின்னர், 2002-இல், ஓக்லண்ட் ஏ'ஸ் குழுவினர் அம்முறையின் பயனை உலகறியச் செய்தனர். அவர்தம் பேராட்டக்காரர் ஜேசன் ஜியாம்பியை யாங்கீஸ் குழுவினர் ஏழாண்டிற்கு 12 கோடி டாலர் கொடுத்து அழைத்துக்கொண்டனர். ஓக்லண்ட் குழுவின் ஓராண்டுச் சம்பளம் முழுதும் கூட்டினும் ஏறத்தாழ 4 கோடியே ஆகும். அவர்கள் ஸ்காட் ஹாட்டபெர்க் என்பாரைச் சேர்த்துக்கொண்டனர். முழங்கை நரம்பு கெட்டுப் பந்தை முன்போல் எறிய இயலாது போன அவரைப் பிறர் பெரிதும் விரும்பவில்லை. ஆனால் தீய பந்தைத் தொடாது விட்டு, பொறுமையாக நின்று, முதல் தளத்தை அடையும் திறம் அவர்பால் இருந்தது. எண்கள் அதனைக் காட்டின. அவ்வாண்டில் ஓக்லண்ட் தொடர்ந்து இருபது ஆட்டம் வென்றது. இருபதாவது வெற்றியைத் தேடித் தந்த ஹோம் ரன்னை அடித்தவர் ஹாட்டபெர்க்கே. ஆண்டு முடிவில் அக்குழுவும் செல்வம் மிக்க யாங்கீஸும் தனித்தனி 103 வெற்றி பெற்றிருந்தன. மனிதரை எண்ணாக்குதல் கொடுமை என்று கூறுவார் இவ்வரலாற்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கண் கைவிட்ட ஒருவர்க்கு எண் நீதி செய்தது.

இன்று ரசிகர் பலரும் எடுத்தாளும் அளவை 'வார்' எனப்படுவது. எளிதிற் கிடைக்கும் சாதாரண ஆட்டக்காரர் ஒருவரை ஓர் இடத்தில் நிறுத்தியிருந்தாற் கிடைத்திருக்கும் வெற்றியினும், இவராற் குழுவிற்கு எத்தனை வெற்றி மிகுதி என்று அது கூறும். 2012-இல் மிகேல் கப்ரேரா, 1967-க்குப் பின் எவரும் பெறாத மும்முடியைப் பெற்றார். அஃதாவது ராபின்சன் முதன்மை பெற்ற அம்மூன்றிலும் முதல்வரானார். மைக் டிரவுட் என்னும் இளைஞரோ, ஓடுதலிலும் பந்தைத் தடுத்தலிலும் விளைத்த நன்மையையும் சேர்த்தெண்ணும் 'வார்' கணக்கில் அவரினும் மிக்கு நின்றார். பரிசு கப்ரேராவுக்கே சென்றது. முதலிடத்திற்கு அளிக்கப்பட்ட 28 வாக்கில் 22 அவர்க்கு. அக்குளிர்காலம் முழுதும் அடுப்பு அவியவில்லை. பயனை அளக்கும் கோலிலேயே கருத்து வேறுபடும்போது, அப்பயனுக்கு விலை கட்டுவதில் எங்ஙனம் ஒன்றுபடுவர்?

இது நிற்க. மூன்றாவது பொருளே எம் உள்ளத்தைப் பெரிதும் ஈர்த்தது. அதனை விளக்கக் கர்ட் பிளட் என்பாரின் வரலாறு ஒன்றே போதும். 1879 முதல் குழுக்களிடையே ஓர் ஏற்பாடு இருந்தது. தொடக்கத்திற் குழுவிற்கு ஐவர் என்று தொடங்கிப் பின்னர் அனைவரையும் பிணித்த அவ்வேற்பாட்டின்படி, ஒருமுறை ஒரு குழுவிற் சேர்ந்தவரை அக்குழு தான் விரும்பும்வரை நிறுத்திக்கொள்ளலாம், விற்கலாம், மாற்றலாம். அவர் மறுத்தால் ஆட்டத்தையே துறத்தல் வேண்டும். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் குழுவிற் பன்னிரண்டு பருவம் ஆடிய பிளட்டை, 1969 அக்டோபரில், அவரை ஒரு சொல்லும் கேளாது, பிலடெல்பியாவுக்கு மாற்றினர். கறுப்பினத்தவராகிய அவர் அவ்வாண்டு டிசம்பர் 24-ஆம் நாள் ஆட்டத்தின் ஆணையருக்கு ஒரு கடிதம் வரைந்தார். தம் விருப்பத்தைப் பொருட்படுத்தாது வாங்கவும் விற்கவும் தாம் ஓர் உடைமை அல்லர் என்பதே அதன் சாரம். ஆண்டிற்கு 90,000 டாலர் பெறுவார்க்கு என்ன குறை என்று பலர் வினவினர். மிகுந்த விலையுடைய அடிமையும் அடிமையே என்பது அவர் கருத்து. வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1972-இல் ஐவர்க்கு மூவராய் அவர்க்கு எதிராக முடிந்தது. அதற்குள் அவர்தம் ஆட்டவாழ்வும் முடிந்துவிட்டது. 1975 டிசம்பரில், ஆண்டி மெசர்ஸ்மித், டேவ் மெக்னாலி என்னும் இருவர் பொருட்டு நடுவர் ஒருவர் அளித்த தீர்ப்பாற் பழைய ஏற்பாடு தகர்ந்தது. பிளட் விதைத்ததைப் பிறர் அறுத்தனர். 2024 டிசம்பரில் வான் சோட்டோ என்பார் நியூயார்க் மெட்ஸ் குழுவோடு பதினைந்து ஆண்டிற்கு 76 கோடியே 50 லட்சம் டாலர் ஒப்பந்தம் செய்ய இயன்றது அவ்வுரிமையின் பயனே.

இங்கு ரசிகர்பால் யாம் கண்ட குறை ஒன்றைக் கூறாது விடுதல் இயலாது. குழு தன் நன்மை கருதி ஓர் ஆட்டக்காரரை மாற்றிவிட்டால், அதனைத் தூரதிருஷ்டி என்கின்றனர். ஆட்டக்காரர் தம் நன்மை கருதி வேறு குழுவிற்குச் சென்றால், அதனைப் பேராசை என்கின்றனர். ஒரே செயலை நிறுக்க இரண்டு படிக்கல் வைத்திருத்தல் நேர்மையாகாது.

எண்ணும் விலையும் பேசி மகிழும் நா, எதிரில் நிற்பவர் மனிதர் என்பதை மறப்பதும் எளிது. 2015 ஜூலை 29 அன்று, நியூயார்க்கில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, வில்மர் பிளோரஸ் என்னும் மெட்ஸ் ஆட்டக்காரர் மில்வாக்கிக்கு மாற்றப்பட்டதாகச் செய்தி பரவிற்று. வெனிசுவேலா நாட்டினராகிய அவர் பதினாறாம் வயதிலேயே அக்குழுவின் நிழலிற் சேர்ந்தவர். கூட்டத்தார் கைப்பேசியிற் செய்தியைக் கண்டு, விடைகொடுக்கும் முறையில் எழுந்து நின்று கைதட்டினர். அவர்க்கோ அப்பொழுதுதான் செய்தி எட்டியது. மீண்டும் களத்தில் இறங்கி, சட்டைக் கையாற் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஆடினார். பின்னர் அம்மாற்றம் முறிந்தது. இரண்டு நாள் கழித்துப் பன்னிரண்டாம் சுற்றில் அவர் அடித்த ஹோம் ரன்னால் குழு வென்றது. அன்று அவ்வூரார் அவரைப் போற்றியது ஹோம் ரன்னுக்காக மட்டுமன்று. தம்மூரை விட்டுப் பிரிய ஒருவர் அழுதார் என்பதற்காகவே போற்றினர். அக்கண்ணீரைக் கணக்கில் ஏற்ற ஒரு நிரலும் இல்லை.

எம்மையும் நிறுத்துப் பார்ப்பார் உளர். தமிழிற் சிறப்புப் பாடம் எடுத்திருக்கின்றோம் என்றவுடன், "முடித்தால் மாதம் எவ்வளவு கிடைக்கும்?" என்று உறவினர் கேட்கின்றனர். அவ்வினாவில் தவறில்லை; இல்லம் நடத்துவார் விலையறியாது வாழ்தல் இயலாது. ஆயினும் அஃது ஒரு வினாவேயன்றி வினா முழுதும் அன்று. பத்தொன்பது வயதில் எம்மைப் பற்றி வரையப்படும் கணக்கு எதுவும், ராபின்சனின் முப்பதைப் பற்றிய கணக்கைப் போலப் பொய்த்தலும் கூடும்.

ஆகலின், அடுப்பங்கரை வாதம் ஒழிதல் வேண்டும் என்று யாம் கூறோம். விலையை ஆராய்க, பயனை எண்ணுக, இரண்டும் அறிவுடையார் செயலே. குழுவின் தலைவர் பொருள் கொடுப்பவர். ஆட்டக்காரர் பொருள் பெறுபவர். அவ்விருவரும் விலையை மறத்தல் அரிது. வாங்காமலும் விற்காமலும் அன்பு ஒன்றினாலேயே அவ்வாதத்தில் அமர்ந்திருப்பவர் ரசிகர் ஒருவரே. மூன்றாவது பொருளைக் காக்கும் பொறுப்பு அவர்க்கே உரியது. "அவரை விற்றுவிடுக" என்று சொல்லுமுன், அவர்க்கும் ஓர் ஊரும் விருப்பமும் உண்டு என்று ஒரு கணம் நினைத்தல் அவர் கடன். நினைத்த பின்னும் விற்பதே தகும் என்று தோன்றலாம், தோன்றினாற் சொல்லுக. நினைந்து சொல்லும் சொல்லுக்கும் நினையாது சொல்லும் சொல்லுக்கும் உள்ள வேறுபாடே, மதிப்பிற்கும் விலைக்கும் உள்ள வேறுபாடு என்பது எம் துணிபு.