பிரேக் பேடின் முதுகு

கார் பிரேக் கீச்சிட்டால் முதலில் காதில் விழும் யோசனை, "பேட் போயிடுச்சு, மாத்திடுங்க" என்பதுதான். மாற்றினால் சில வாரம் நிம்மதி. பிறகு அதே கீச்சு திரும்பிவிடும். என் காருக்கும், கேட்டுக்கொள்ளும் உறவினர்களின் கார்களுக்கும் பிரேக் வேலையை நெடுநாளாக வீட்டு வாசலிலேயே பார்த்துவருகிறேன். அதில் எனக்கு உறுதிப்பட்டது இது: சத்தம் எழுவது பேட் டிஸ்க்கைத் தொடும் முகத்தில். ஆனால் அதற்கான காரணம் பெரும்பாலும் பேடின் முதுகிலும், அதன் இரு முனையிலும் நீட்டியிருக்கும் காதுகளிலும் இருக்கிறது.

ஓடும் டிஸ்க்கின் மேல் பேட் சீராக வழுக்குவதில்லை. பற்றிக்கொள்கிறது, நழுவுகிறது, மறுபடி பற்றுகிறது. வயலின் தந்தியில் வில் செய்வதும் இதைத்தான். நொடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் இது நடக்கும்போது டிஸ்க்கே அதிர்ந்து ஒலிக்கிறது. பேட் தன் இருக்கையில் ஆட்டமில்லாமல் உட்கார்ந்திருந்தால் அந்த அதிர்வு அடங்கிவிடும். ஆட்டம் கண்டாலோ, துருவில் சிக்கிக்கொண்டாலோ கத்தும். டிஸ்க் பிரேக்குடனேயே பிறந்த தொல்லை இது. இங்கிலாந்துப் பொறியாளர் லான்செஸ்டர் 1902இல் காப்புரிமை பெற்ற டிஸ்க் பிரேக்கில் செம்புப் பட்டைகள் இருந்தன. அவை காது கூசக் கத்தின. பின்னர் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் அஸ்பெஸ்டாஸ் பட்டையைப் பொருத்திய பிறகே ஓசை தணிந்தது. அஸ்பெஸ்டாஸ் நுரையீரலுக்கு நஞ்சு என்பது பின்னால் தெளிவானது. இன்று பிசினும் இழையும் உலோகத் தூளும் கலந்து பேட் செய்கிறார்கள். சென்னையில் பாடி, அம்பத்தூர்ப் பக்கம் இதற்கென்றே பெரிய தொழிற்சாலைகள் இருக்கின்றன.

ஜாக்கியை எடுப்பதற்கு முன் காதைத் தீட்ட வேண்டும். கண்ணாடியை இறக்கிவிட்டு, நீளமான மதில் சுவர் ஓரமாக மெதுவாக ஓட்டுவேன். சத்தம் சுவரில் பட்டுத் திரும்புவதால் எந்தச் சக்கரம் என்பது தெரிந்துவிடும். காலையில் முதல் இரண்டு மூன்று மிதியில் மட்டும் சத்தம் வந்து மறைந்தால் அது டிஸ்க்கின் மேல் படிந்த மெல்லிய துரு. மழைக்காலத்திலும் கடலோர வீடுகளிலும் இது சகஜம், தொட வேண்டாம். மிதிக்காமல் ஓடும்போதே மெல்லிய கீச்சு தொடர்ந்து கேட்டால், பேட் தேய்ந்ததை அறிவிக்க அதில் வைத்திருக்கும் சின்ன இரும்பு நாக்கு டிஸ்க்கைத் தொட்டிருக்கலாம். எல்லாப் பேடிலும் அந்த நாக்கு இருக்காது. டிஸ்க்குக்கும் அதன் பின்னாலுள்ள தகட்டுக்கும் நடுவே சரளைக்கல் மாட்டியிருந்தாலும் சக்கரம் சுற்றச்சுற்ற உராயும். கரகரவென்று இரும்போடு இரும்பு அரைபடும் ஓசை வந்தால் வண்டியை நகர்த்தவே கூடாது.

சமதளத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வீல் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திவிட்டுத்தான் தூக்குவேன். ஸ்டெப்னியோடு வரும் ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தாங்குவதற்குத் தனி ஸ்டாண்ட் வேண்டும். கழற்றிய சக்கரத்தையும் வண்டிக்கு அடியில் படுக்கவைத்துவிடுவேன். இதில் சோம்பல் படுபவர் இந்த வேலையைத் தொடாமல் இருப்பது நல்லது.

பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பரைக் கழற்றினால் அதைப் பிரேக் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டிவைக்க வேண்டும். அந்த நேரத்தில் யாரும் பெடலை மிதிக்கக் கூடாது. பிஸ்டன் வெளியே வந்துவிடும். முதலில் இரண்டு பேடையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். உள்பேட் தேய்ந்து வெளிப்பேட் தடியாக இருந்தால் காலிப்பர் தன் பின்களின் மேல் நகரவில்லை என்பது என் முதல் சந்தேகம். அந்தப் பின் கைவிரலால் இழுத்தாலே வழுக்கிக்கொண்டு வர வேண்டும். பழைய கிரீஸ் இறுகிப் பிசினாகிக் கிடக்கும்; அதைச் சுத்தமாகத் துடைத்து, ரப்பருக்கு ஒத்துக்கொள்ளும் சிலிக்கோன் கிரீஸை மெல்லப் பூச வேண்டும். சாதாரண கிரீஸ் ரப்பர் உறையை உப்ப வைத்துவிடும், பின் இன்னும் மோசமாக இறுகும்.

அடுத்தது பேடின் காதுகள் உட்காரும் கிளிப்புகள். எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். கிளிப்பைக் கழற்றினால் அடியில் துரு பொருக்காகக் கட்டியிருக்கும். அந்தப் பொருக்கு கிளிப்பைத் தூக்கிவிடுகிறது. காது நெருக்கப்பட்டு, மிதியை எடுத்த பிறகும் பேட் டிஸ்க்கிலேயே ஒட்டி உரசிக்கொண்டிருக்கிறது. கம்பி பிரஷ்ஷால் உலோகம் தெரியத் தேய்த்துவிட்டு, வளைந்த கிளிப் என்றால் புதிதே போடுவேன். பிறகு காதுகளிலும், பேடின் முதுகில் பிஸ்டன் தொடும் இடத்திலும் பிரேக்குக்கென்றே விற்கும் கிரீஸைப் படலமாகத் தடவுவேன். முதுகில் ஒட்டியிருக்கும் மெல்லிய ஷிம் தகடு அதிர்வை விழுங்குவதற்காகவே வைத்தது. அதைத் தேவையில்லை என்று பிய்த்தெறிபவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுக்காது. பேடின் முகத்தில் மட்டும் எதுவும் படக் கூடாது. சத்தத்தை அடக்க எண்ணெய் விடுவது உயிரோடு விளையாடுவது. எண்ணெய் குடித்த பேடைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டு பக்கமும் புதிது மாற்றியாக வேண்டும்.

முகம் கண்ணாடிபோல் பளபளத்தால் சூட்டில் இறுகியிருக்கிறது. உப்புத்தாளைச் சமதளத்தில் விரித்து லேசாகத் தேய்த்தால் போதும். தூளை வாயால் ஊதாமல், ஈரத்துணியால் துடைக்க வேண்டும். உராய்வுப் பகுதி 3 மி.மீ.க்குக் கீழே வந்துவிட்டால் தேய்த்துப் பயனில்லை. டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும், அளந்து பார்க்கலாம்.

புதுப் பேட் போட பிஸ்டனை உள்ளே தள்ளும்போது பிரேக் ஆயில் டப்பாவில் ஒரு கண் இருக்கட்டும். வழிந்தால் பெயின்ட்டைத் தின்றுவிடும். எல்லாம் மாட்டியானதும், வண்டியை நகர்த்துவதற்கு முன்பே, பெடல் கெட்டியாகும்வரை மிதிக்க வேண்டும். முதல் மிதி வெறுமையாகத் தரைவரை போகும். அது தெருவில் நடந்துவிடக் கூடாது. பிறகு ஆளில்லாத சாலையில் 50, 60 கி.மீ. வேகத்திலிருந்து 10க்கு நிதானமாகக் குறைத்து, முழுதாக நிறுத்தாமல், இடையில் ஆறவிட்டுச் சில தடவை ஓட்டினால் பேடும் டிஸ்க்கும் இணங்கிவிடும். உலோகத் தூள் மிகுந்த பேட் என்றால் அதன் பிறகும் எப்போதாவது ஒரு கீச்சு வரும்; தடிமனும் பின்னும் சரியாக இருந்தால் அதை விட்டுவிடுகிறேன். பெடல் பஞ்சுபோல் அமுங்கினாலோ, வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ விடுவதில்லை. அன்றே மெக்கானிக்கிடம் காட்டிவிடுகிறேன்.