ஓம் விதியும் எங்க அப்பத்தாவின் வெந்நீரும்



மின்னோட்டம் பாடத்தில் வரும் சூத்திரங்கள் இரண்டு மதிப்பெண் வினாவுக்கு மட்டும்தான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் அது எங்க வீட்டில் ஒரு சண்டையையே தீர்த்து வைத்தது.

எங்க அப்பத்தாவுக்கு மூட்டு வலி. வெந்நீரில்தான் குளிக்கணும். விறகடுப்புப் புகை பட்டால் இருமல் வந்துவிடும். அதனால் அத்தை ஒரு ஹீட்டர் ராடு வாங்கிக் கொடுத்தாங்க. அதன் பெரிய பிளக் எங்க சுவரில் ஏறவில்லை. மாமா அதை வெட்டிவிட்டுச் சின்ன பிளக் மாட்டினார். பத்தே நாளில் சுவிட்ச் போர்டு சுட்டது, கருகின வாடையும் வந்தது.

"ராடு சரியில்ல, தூக்கி எறி" என்றார் அப்பா. "அப்போ நான் மறுபடி புகையில உக்காரணுமா?" என்று அப்பத்தா சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

ராடில் 1500 வாட், 230 வோல்ட் என்று எழுதியிருந்தது. மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம். ஆகவே மின்னோட்டம் 1500 ÷ 230 = 6.5 ஆம்பியர். ஜெர்மனியில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜார்ஜ் சைமன் ஓம் 1827-இல் வெளியிட்ட விதிப்படி, மின்தடை 230 ÷ 6.5 = சுமார் 35 ஓம். ராடில் குறையே இல்லை. ஆனால் பிளக் பாயிண்டில் 6 ஆம்பியர் என்றுதான் போட்டிருந்தது!

"அரை ஆம்பியர்தானே கூட? டிவி ஓடும்போது சுடலையே?" என்று அப்பா கேட்டார். நல்ல கேள்விதான். பழைய பாயிண்டில் பிளக் லூசாக உட்காரும். அந்த இடத்தில் அரை ஓம் மின்தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே உண்டாகும் வெப்பம் மின்னோட்டம் × மின்னோட்டம் × மின்தடை. டிவிக்கு 0.35 ஆம்பியர் என்றால் 0.06 வாட்தான். ராடுக்கு 6.5 × 6.5 × 0.5 = 21 வாட். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்குகிற கம்பியே 25 வாட்தான். பிளாஸ்டிக் கருகாமல் என்ன செய்யும்?

நோட்டில் போட்ட கணக்கை அப்பா வயர்மேன் அண்ணனிடம் காட்டினார். "பாப்பா சொல்றது சரிதான்" என்று சொல்லி, தனியாகத் தடித்த வயர் இழுத்து, எர்த்தோடு 16 ஆம்பியர் பாயிண்ட் வைத்துக் கொடுத்தார். இப்போது பிளக் சுடுவதில்லை.

அம்மாவுக்குக் கரண்ட் பில் கவலை. அதற்கும் கணக்கு இருக்கு. 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ராடு தினமும் அரை மணி ஓடினால் முக்கால் யூனிட், 60 நாளில் 45 யூனிட். 2016-இல் 100 யூனிட் இலவசம் என்று வந்ததே, அதில் ஏறக்குறைய பாதி! ஒரு வாளித் தண்ணீருக்கு 20 நிமிடமே போதும். அப்படியென்றால் 30 யூனிட்தான்.

தோழிகளே, இன்று வீட்டுக்குப் போனதும் அயர்ன்பாக்ஸ், ஹீட்டர் எல்லாவற்றிலும் எத்தனை வாட் என்று பாருங்கள். 230-ஆல் வகுத்துப் பிளக் பாயிண்டில் போட்டிருக்கும் ஆம்பியரோடு ஒப்பிடுங்கள். கூடினால் பெரியவர்களிடம் சொல்லுங்கள். ராடின் பிளக்கைப் பிடுங்காமல் தண்ணீரில் கை வைக்காதீர்கள்.



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி