எட்டுக் கீறல்கள்

எங்கள் வீட்டுக் கொட்டகையில் ஒரு மரமறுக்கும் இயந்திரம் இருக்கிறது. அங்காடியில் அதற்குச் 'செயின் சா' என்று பெயர். சங்கிலி வாள் என்று தமிழாக்கிக்கொள்ளலாம். அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் எடுத்துத் தருவதற்கு ஊரில் ஆள் இல்லை. அப்பா அதை 'மெஷின்' என்று மட்டுமே சொன்னார். வேறு இயந்திரமே உலகில் இல்லாததுபோல.

இக்கட்டுரையில் 'நாங்கள்' என்பது இருவரைக் குறிக்கும். மூத்தவர் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறார். இளையவர் பட்டுக்கோட்டைக்குத் தெற்கே எங்கள் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்கிறார். எழுதும் கை மூத்தவருடையது. எனினும் தன்மை ஒருமையில் எழுதத் துணிவு வரவில்லை. காரணம் பின்னால் வரும்.

அப்பா அதை 1996இல் மரவாடிக்காரர் ஒருவரிடமிருந்து பழையதாக வாங்கினார். 72 சி.சி. இயந்திரம், 20 அங்குலத் தகடு. வாங்கும்போதே அதன் வண்ணம் பாதி போயிருந்தது. பிறகு இருபதாண்டுகளுக்கு மேல் வேலியோரப் பூவரசு, காய்ப்பு நின்ற மா, வீடு கட்டுவோர் கேட்டுவந்த வேம்பு என்று எல்லாவற்றையும் அது அறுத்தது. ஆனால் அதன் பெரிய வேலை 2018 நவம்பர் 16ஆம் நாள் விடியலில் தொடங்கியது. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையேறிய கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தோப்புகளைப் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டிப் போட்டது. எங்கள் தோப்பில் நின்ற 140 மரங்களில் 112 விழுந்தன.

தென்னங்கன்றை எங்கள் பக்கம் தென்னம்பிள்ளை என்றே சொல்வார்கள். அந்தப் பிள்ளைகளை நட்டவரும் அப்பா, அறுத்தவரும் அப்பா. அப்போது அவருக்கு 68 வயது. மின்சாரம் வாரக்கணக்கில் வரவில்லை. பகலெல்லாம் அறுப்பார், இரவில் டார்ச் வெளிச்சத்தில் சங்கிலியின் பற்களுக்கு அரம் போடுவார். தென்னையின் தண்டு வெளிப்புறத்தில் இரும்புபோல் இறுகியும் நடுவில் சோறாகவும் இருக்கும். விழுந்த மரத்தில் மண்ணும் மணலும் அப்பியிருக்கும். இரண்டும் சேர்ந்து பற்களை விரைவில் மழுக்கிவிடும். இருபத்துமூன்று நாள்கள் அவர் இதைச் செய்தார். ஒரு நாளும் அழுது பார்த்ததில்லை. கடைசி மரத்தை அறுத்த மாலையில் இயந்திரத்தைத் துடைத்துக் கொட்டகையில் வைத்துவிட்டு, எங்களிடம் பேசாமல் வாய்க்காலுக்குப் போனார்.

2021இல் அப்பா காலமானார். அதற்குப் பின் இயந்திரம் மூலையில் கிடந்தது.

2025 ஆடிக்காற்றில் கொல்லைப் பூவரசு ஒன்று வேலிமேல் சாய்ந்தது. நாங்கள் இயந்திரத்தை வெளியே எடுத்தோம். தொட்டியில் பழைய எரிபொருள் சிறிது இருந்தது. ஏழெட்டு முறை கயிற்றை இழுத்ததும் பிடித்துக்கொண்டது. மகிழ்ச்சி தாளவில்லை. அது தீர்ந்ததும் ஒருவர் பெட்ரோல் வாங்கி வந்தார். மற்றவர் ஊற்றினார். வாங்கியவர், எண்ணெய் கலப்பது ஊற்றுபவர் வேலை என்று எண்ணினார். ஊற்றியவர், கலந்தே வந்திருக்கிறது என்று எண்ணினார். சில நிமிடங்கள் அறுத்தது. ஒலி ஒரு மாதிரி கூர்மையாகி ஏறியது. பிறகு, தொண்டை அடைத்ததுபோல் சட்டென்று நின்றது. கயிறு அசையவில்லை.

இவ்வகை இரண்டு வீச்சு இயந்திரங்களில் உயவு எண்ணெய்க்கென்று தனி இடம் கிடையாது. பெட்ரோலில் கலந்து செல்லும் எண்ணெய்தான் பிஸ்டனையும் பேரிங்கையும் காக்கிறது. வெறும் பெட்ரோல் ஊற்றினால் அந்த இயந்திரத்துக்கு அது நஞ்சு. டிவிஎஸ் 50 ஓட்டிய தலைமுறைக்கு இது பாலபாடம். அப்பாவின் டிவிஎஸ் 50இன் பின்னிருக்கையில் அமர்ந்து பெட்ரோல் நிலையத்துக்கு எத்தனையோ முறை சென்றவர்கள் நாங்கள். எங்களுக்கே மறந்திருந்தது. வாங்கியவர் யார், ஊற்றியவர் யார் என்று இன்றுவரை நாங்கள் யாரிடமும் சொன்னதில்லை. தன்மைப் பன்மை சில வேளைகளில் ஒளிந்துகொள்ள நல்ல இடம்.

பட்டுக்கோட்டையில் மருந்தடிக்கும் விசைத்தெளிப்பான்களும் பவர் டில்லர்களும் பழுதுபார்க்கும் முதிய மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். "எண்ணெய் கலக்கலையா?" என்றார். நாங்கள் பதில் சொல்லவில்லை. "ஒங்கப்பா இருந்தா இது நடக்காது தம்பி. அவரு எவ்வளவு கலப்பாரு?"

எங்களுக்குத் தெரியவில்லை. அதுதான் உண்மையில் சுட்டது. இயந்திரம் போனதைவிட, அந்த எளிய கேள்விக்கு இருவரிடமும் விடை இல்லாமற்போனது.

புதிது வாங்கிவிடுங்கள் என்றார் அவர். நியாயமான சொல். பழுதுபார்க்கும் செலவுக்கே சிறியதொரு புதிய இயந்திரம் கிடைக்கும். நாங்கள் இல்லை என்றோம். அவர் வற்புறுத்தவில்லை. "அப்ப வெறும் ரிப்பேரா செய்ய வேணாம். பிரிச்சா முழுசா பிரிப்போம்" என்றார். ஐப்பசி விடுமுறை நாள்களில் அவர் பட்டறையில் உதவியாளர்களாக உட்கார்ந்தோம்.

சிலிண்டரைக் கழற்றியபோது, பிஸ்டனின் ஒரு பக்கம் நெடுகக் கீறிக் கிழிந்திருந்தது. அதன் அலுமினியம் இளகிச் சிலிண்டர் சுவரில் தீற்றியிருந்தது. பழைய மொபெட்டின் இரும்புச் சிலிண்டரைப்போல இதைக் கடைந்து பெரிதாக்க முடியாது. உட்சுவரில் மெல்லிய, மிகக் கடினமான முலாம் பூசப்பட்டிருக்கும். கடைந்தால் முலாம் போய்விடும். அவர் ஒரு குச்சியில் பஞ்சைச் சுற்றி, ஆசிட்டில் தொட்டு, தீற்றலின்மேல் மட்டும் வைத்தார். நுரைத்தது. துடைத்தார். மறுபடி வைத்தார். ஆசிட் அலுமினியத்தைத் தின்னும், முலாமை எளிதில் தொடாது. கை தவறினால் முலாமற்ற விளிம்புகளையும் தின்றுவிடும். ஒரு பிற்பகல் முழுதும் அந்த வேலை நடந்தது. மாலையில் விரல் நகத்தை உள்ளே ஓட்டிப் பார்க்கச் சொன்னார். நகம் எங்கும் தடுக்கவில்லை. "சுவரு பொழைச்சுது" என்றார்.

புதிய பிஸ்டன், ரிங்குகள் வந்தன. கிராங்கின் இருபுறமும் இருந்த ஆயில் சீல்கள் காய்ந்து கல்லாகியிருந்தன. அங்கே காற்றுப் புகுந்தால் எரிபொருள் கலவை நீர்த்து, சூடேறி, புதிய பிஸ்டனும் பழையதன் வழியே போகும். ஆகவே அவற்றையும் பேரிங்குகளையும் மாற்றினோம். கார்புரேட்டரின் டயாஃப்ரம் அட்டைபோல் விறைத்திருந்தது. பெட்ரோல் குழாய் கையில் எடுத்ததும் பிசுபிசுத்து ஒடிந்தது. பெட்ரோலில் எத்தனால் கலப்பு நாடு முழுவதற்குமாக 2022இல் 10 சதவீதத்தையும் 2025இல் 20 சதவீதத்தையும் எட்டியது. அக்கால ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதன்று. அதைத் தாங்கும் குழாயும் டயாஃப்ரமும் போட்டோம். சி.பி. பாயின்ட் இருந்த இடத்தில் மின்னணு இக்னிஷன் வந்தது. எல்லாம் பூட்டி முடிந்ததும், இழுகயிற்றின் கைப்பிடியை மட்டும் பிடித்து இயந்திரத்தை அந்தரத்தில் தூக்கிக் காட்டினார். முன்பென்றால் தன் எடையிலேயே வழுக்கி இறங்கியிருக்கும். இப்போது கொஞ்சம் கொஞ்சமாக, அடம்பிடிக்கும் கன்றுக்குட்டிபோல் இறங்கியது. அழுத்தம் திரும்பிவிட்டதற்கு அதுவே சான்று.

இதற்கிடையில் அம்மா ஒரு நிபந்தனை விதித்திருந்தார். "அந்த மெஷினு திரும்ப இந்த வீட்டுக்குள்ள வரணும்னா, அதுக்கு ஒரு கடிவாளம் போட்டுக்கிட்டு வாங்க."

அப்பாவின் இடத் தோளில் காறையெலும்பையொட்டி ஒரு தழும்பு உண்டு. பதினொரு தையல். 1999இல், ஒரு புளியங்கிளையை அறுக்கையில் தகட்டின் நுனி மேல்விளிம்பு மறைவிலிருந்த இன்னொரு கிளையில் பட்டது. நுனியின் மேற்பகுதி மரத்தில் முட்டினால் சங்கிலியால் அறுக்க முடியாது. அந்த வேகம் முழுவதும் இயந்திரத்தை மேலும் பின்னுமாக, பிடித்திருப்பவரை நோக்கி எறியும். கண் இமைப்பதற்குள் நடந்துவிடும். எங்கள் இயந்திரத்தில் தடை இல்லை. அப்பா அந்தத் தழும்பைக் குறையாகக் கருதியதில்லை. சட்டை போடாமல் திண்ணையில் உட்காரும்போது அது ஒரு பதக்கம்போல் இருக்கும். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. அம்மாவுக்கு அப்படித் தோன்றியதில்லை என்பதை இருபத்தாறு ஆண்டுகள் கழித்துத்தான் அறிந்தோம்.

இதே வகையில் பின்னர் வந்த இயந்திரங்களுக்குத் தடை உண்டு; அந்தப் பாகங்கள் இதன் உடலிலும் பொருந்தும் என்று கண்டுபிடித்து மெக்கானிக் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்தார். முன்கைப்பிடிக்கு எதிரே ஒரு காப்பு. இயந்திரம் எகிறும்போது கையோ எகிறிய வேகமோ அதை முன்னே தள்ளும், உள்ளிருக்கும் வில் விடுபட்டு, எஃகுப் பட்டை ஒன்று கிளட்ச்சின் உருளையை இறுக்கிப் பிடிக்கும், சங்கிலி நின்றுவிடும். முதலில் எங்களுக்குத் தயக்கம் இருந்தது. அப்பா பிடித்த வடிவம் மாறுகிறதே என்று. அவர் வடிவத்தைக் காக்க விரும்பிய நாங்கள்தாம் அவர் எண்ணெய் அளவைக் காக்கத் தவறியவர்கள் என்ற நினைவு வந்ததும் தயக்கம் தீர்ந்தது.

சங்கிலியும் தகடும் புதியவை. இன்றைய சங்கிலியின் பல் வடிவம் ஒரு வண்டுப்புழுவிடம் கற்றது. 1946இல் அமெரிக்காவின் ஆரிகன் காட்டில் மரம் வெட்டிவந்த ஜோசப் காக்ஸ் என்பவர், மரம் துளைக்கும் புழுவொன்று தன் வளைந்த தாடைகளால் இடமும் வலமுமாக மரத்தைச் சீவிக்கொண்டே போவதைக் கண்டு, அதேபோல் மாறிமாறி வளைந்த பற்களைச் செய்தார். காண்டாமிருக வண்டோடு ஆயுள் முழுக்கப் போராடிய தென்னை விவசாயியின் கையில் ஒரு வண்டுப்புழுவின் வாய் இருந்தது என்பதை அப்பாவிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

அரம் போட மெக்கானிக் கற்றுக்கொடுத்தார். 5.2 மி.மீ. உருளை அரம். முன்னோக்கித் தள்ளும்போது மட்டும் அழுத்த வேண்டும். எல்லாப் பற்களுக்கும் ஒரே சாய்வு, ஒரே எண்ணிக்கை. ஒரு பக்கத்துக்குக் கூடுதலானால் வாள் கோணிக்கொண்டு போகும். குறளின் பண்புடைமை அதிகாரத்தில் அரமும் மரமும் ஒரே குறளில் வருகின்றன. அரத்தின் கூர்மையை அறிவுக்கு உவமையாக்கி, அத்தனை கூர்மையிருந்தும் பண்பில்லாதவரை மரம் என்கிறார் வள்ளுவர். எங்களில் மூத்தவர் அதை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறார். கையில் அரம் பிடித்தது இதுவே முதல் முறை.

இயந்திரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, எண்ணெய் கலப்பதற்காகக் கொட்டகையில் அப்பாவின் வெள்ளைக் கேனைத் தேடி எடுத்தோம். நாங்கள் ஆடியில் பெட்ரோல் வாங்கி வந்ததும் அதே கேனில்தான். கழுவித் துடைத்தபோது, பக்கவாட்டில் ஆணியால் நீளமாக ஒரு கோடு. அதன் கீழே சிறிய செங்குத்துக் கீறல்கள் எட்டு. எலி கடித்ததென்றோ தேய்ந்ததென்றோ எண்ணி இத்தனை நாள் பொருட்படுத்தாத கீறல்கள். கேனின் கழுத்தில் கம்பியால் கட்டித் தொங்கியது ஒரு டானிக் புட்டியின் மூடி. அதுவும் எப்போதும் அங்கே இருந்ததுதான்.

நீண்ட கோடு வரை தண்ணீர் ஊற்றி அளந்தோம். 2 லிட்டர். மூடி 10 மி.லி. கொள்ளும். எட்டு மூடி, 80 மி.லி. இருபத்தைந்துக்கு ஒன்று. சாதாரண டூ-டி எண்ணெய்க்கு மெக்கானிக் சொன்ன அதே அளவு.

எங்களில் ஒருவர் ஓலைச்சுவடிகளைப் பற்றிப் பாடம் நடத்துபவர். எழுத்தாணிக் கீறலில் மை தடவினால் எழுத்து எப்படித் துலங்கும், புள்ளியில்லாத மெய்யை எப்படி அடையாளம் காண்பது என்றெல்லாம் மாணவர்களுக்குச் சொல்பவர். தம் தந்தை ஆணியால் எழுதிய ஒரு வரியை, கையில் தூக்கிக்கொண்டு பெட்ரோல் நிலையம்வரை போய்வந்தும், அவர் படிக்கவில்லை. ஆம், ஆடியில் கேனைச் சுமந்து சென்றவர் மூத்தவர்தாம். ஊற்றியவரும் கேனைக் கையில் பிடித்தவர்தான் என்று இளையவர் சொல்கிறார். அப்படியே இருக்கட்டும்.

கோட்டையும் கீறல்களையும் நாங்கள் அழிக்கவில்லை. பக்கத்தில் கறுப்புச் சாயத்தால் எழுதினோம்: 2 லிட்டர், 8 மூடி. மூலம் அவருடையது, உரை எங்களுடையது. எங்கள் பிள்ளைகளுக்கும் கீறல் புரியாமற்போகலாம்.

எண்ணெய் கலந்து ஊற்றி, கயிற்றை இழுத்தோம். மூன்றாம் இழுப்பில் பிடித்தது. அம்மா கொட்டகை வாசலில் வந்து நின்று, "அந்தக் கடிவாளம் எங்க?" என்றார். காட்டினோம். சங்கிலி சுழன்றுகொண்டிருக்கையில் காப்பை முன்னே தள்ளினோம். சட்டென்று நின்றது. இன்னொரு முறை செய்யச் சொன்னார். செய்தோம். மூன்றாம் முறையும் சொன்னார்.

பிறகு உள்ளே போய்விட்டார். நாங்கள் பூவரசை அறுக்கப் போனோம்.