வண்டித்தடத் தாவா

சத்தியமங்கலம் மலையடிவாரத்து ஊர் ஒன்றின் வழக்கு அது. பொது வண்டித்தடத்தைப் பக்கத்துக் காட்டுக்காரர் கம்பிவேலி போட்டு அடைத்துவிட்டார். வாதிக்கு நான் வழக்கறிஞர். 2004 அக்டோபரில் சந்தனக் கடத்தல்காரர் வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன.

கிராம வரைபடமும் நீதிமன்றம் அனுப்பிய கமிஷனரின் அறிக்கையும் எங்களுக்கே சாதகம். குறுக்கு விசாரணையில், வேலி எப்போது போட்டது என்று பிரதிவாதியைக் கேட்டேன். “எங்கண்ணனைக் காட்டிக்கொடுத்த வருசமே போட்டிருக்கோணும். இப்பத்தானுங்க முடிஞ்சுது” என்றார்.

அண்ணன், காட்டுக்குள் வீரப்பன் ஆட்களுக்கு அரிசி கொடுத்தார் என்று தடா என்னும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் கைதானவர். ஆண்டுக்கணக்கில் மைசூர்ச் சிறையில் கிடந்து, தடா நீதிமன்றத்தின் 2001 தீர்ப்பில்தான் விடுதலையானார். என் கட்சிக்காரரின் தம்பியோ, போலீசுக்குத் துப்புச் சொன்னான் என்று வீரப்பன் ஆட்களால் கொல்லப்பட்டவன். இரண்டு வீடுமே இழந்த வீடுகள்.

தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த நீதிபதி சதாசிவா குழு, வீரப்பன் தேடுதலில் போலீஸ் கொடுமைக்கு ஆளான மக்களின் வாக்குமூலங்களைக் கேட்டது. 2007 ஜனவரியில் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இழப்பீடு தர ஆணையம் பரிந்துரைத்தது. அது அதிகாரத்தின் கொடுமைக்குக் கிடைத்த பதில், அவசியமான பதில். ஆனால் வரப்பு பங்கிடும் இரண்டு குடும்பங்கள் ஒன்றையொன்று கேட்கவேண்டிய கேள்வி அதில் அடங்காது.

தீர்ப்பு எங்கள் பக்கம் வரும் என்று தெரிந்தே, கட்சிக்காரரைச் சம்மதிக்கவைத்து, மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பக் கேட்டேன். அங்கே தடத்தைப் பற்றி முதலில் யாரும் பேசவில்லை. வாதியின் தாயார் நேராகப் பிரதிவாதியிடம் போனார். “உங்கண்ணனைப் புடிச்சுட்டுப் போனன்னைக்கு நானும்தான் அழுதேன் கண்ணு. எம்பையன் எழவுக்கு நீ ஏன் வரலை?”

வெகுநேரம் கழித்துப் பிரதிவாதி சொன்னார்: “வந்தா என்னையும் எந்தப் பக்கம்னு எழுதிக்குவாங்களோன்னு பயந்துட்டனுங்க.”

அதன்பிறகு தடத் தாவா அரை மணி நேரத்தில் முடிந்தது. பத்தடி அகலம், வேலி பிரிக்கும் கூலியில் பாதி வாதியுடையது. ஒரு வரியை நான் வற்புறுத்திச் சேர்த்தேன்: எந்த மனுவிலும் ஒரு குடும்பம் மற்றதைத் துப்புச் சொன்னவர்கள் என்றோ வீரப்பன் ஆள் என்றோ குறிப்பிடக்கூடாது. மக்கள் நீதிமன்ற உத்தரவுக்கு மேல்முறையீடு இல்லை. கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைத்தது.

மலையோரத் தாவாக்களை எடுக்கும் இளம் வழக்கறிஞர்களே, பிராது எழுதுமுன் பட்டாவைப் பார்ப்பதோடு, 1990களில் கட்சிக்காரர் வீட்டுக்கும் எதிர்த்தரப்பு வீட்டுக்கும் என்ன நேர்ந்தது என்றும் கேளுங்கள்.