வரிசையின் கடைசி சைக்கிள்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட பெண் நானல்ல, என் அம்மாவும் அல்ல. அம்மாவைப் பெற்ற அம்மாச்சிதான். இதைச் சொன்னால் தோழியர் எளிதில் நம்புவதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் களையெடுத்தும் கல்லுடைத்தும் பிழைத்த அவர், 1992-ஆம் ஆண்டில், மூன்று பிள்ளைகளைப் பெற்ற பிறகு, தம்முடைய முப்பத்திரண்டாம் வயதில் சைக்கிள் ஏறினார்.

அப்பொழுது அங்கே அறிவொளி இயக்கம் நடந்துகொண்டிருந்தது. எழுத்தறிவிக்க வந்த தொண்டர்கள், மாவட்ட ஆட்சித்தலைவராயிருந்த திருமதி ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தினால், பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். 1992 மார்ச் மகளிர் தினத்தன்று 1,500-க்கும் அதிகமான பெண்கள் புதுக்கோட்டை நகரில் சைக்கிள் பேரணி சென்றார்கள். 70,000-க்கும் மேற்பட்ட பெண்கள் ஊர் ஊராக நடந்த போட்டிகளில் ஓட்டிக் காட்டினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் போதாமல் போகவே ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்களாம். அதிலும் ஒரு வசதி இருந்தது. பாரில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம். அம்மாச்சியின் பாரில் உட்கார்ந்து போன கடைக்குட்டிதான் என் அம்மா. அம்மாச்சிக்குக் கற்றுக்கொடுத்த பெண், தான் கற்றே ஒரு வாரந்தான் ஆகியிருந்ததாம்!

அந்த அம்மாச்சியே இப்பொழுது எங்களுடன் ஆம்பூரில் இருந்துகொண்டு, நான் சைக்கிளில் பள்ளிக்குப் போவதைப் பார்த்துப் பயப்படுகிறார். "எங்களுக்கு அப்ப ஊரு வாய்தான் பயம், ஆத்தா. ரோட்டுல ஒண்ணும் வராது. ஒங்களுக்கு லாரியில்ல வருது" என்பார்.

ஆம்பூர்க்காரர்களுக்கு எங்கள் சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இம்மலர் வெளியூர் மடங்களில் உள்ள சகோதரிகளுக்கும் அனுப்பப்படுகிறது என்பதால் சொல்லுகிறேன். சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலை எங்கள் ஊரின் நடுவே போகிறது. காலை எட்டு மணிக்கு ஷூ கம்பெனிப் பேருந்துகள், ஷேர் ஆட்டோக்கள், பச்சைத்தோல் ஏற்றிய குட்டியானைகள், கொள்கலன் லாரிகள் எல்லாம் ஒரே நேரத்தில் வரும். தோல் வண்டியிலிருந்து உப்புநீர் சொட்டும். அதில் டயர் வழுக்கும். ஒரே வருடத்தில் செயின் துருப்பிடிக்கும். இவற்றின் நடுவில்தான் நாங்கள் நாற்பது பேர் சைக்கிளில் வருகிறோம்.

சென்ற ஆண்டு ஜூலை மாதத்தில், ஏழாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்காரும் தோழி கீழே விழுந்தாள். சர்வீஸ் சாலைக்குள் இடப்பக்கம் திரும்பிய லாரியின் பின்சக்கரம் அவளுடைய முன்சக்கரத்தின்மேல் ஏறிவிட்டது. தூக்கியெறியப்பட்டதால் உயிர் பிழைத்தாள், இடக்கை முறிந்தது. லாரி நிற்கவில்லை. சுற்றி நின்றவர்களோ, "போலீஸ், கேஸ் என்று இழுப்பார்கள்" என்று தயங்கினார்கள். பூக்கடை அம்மா ஒருவர் கூடையை அப்படியே விட்டுவிட்டு அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். அடிபட்டவருக்கு உதவுவோரைத் துன்புறுத்தக் கூடாது என்ற நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் 2016-இல் உறுதிசெய்தது. 2019-இல் அது மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்திலேயே இடம்பெற்றுவிட்டது. உதவியவர் விரும்பாவிட்டால் தம் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் அவருக்குச் சட்டம் இட்டிருக்கும் பெயரே "நல்ல சமாரியன்" என்று மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் சொன்னபொழுது எங்களுக்கு வியப்பாக இருந்தது. பூக்கடை அம்மாவுக்குச் சட்டமும் தெரியாது, விவிலியமும் தெரியாது.

தோழியின் அப்பா அந்தச் சைக்கிளைப் பழைய இரும்புக்கடையில் போட்டுவிட்டார். இப்பொழுது அவள் ஷேர் ஆட்டோவில் வருகிறாள். கையில் சில்லறை இல்லாத நாளில் வருவதில்லை. அது மாதக் கடைசியில் அடிக்கடி நிகழும். அவள் என்னைவிட நன்றாகக் கணக்குப் போடுகிறவள். பத்தாம் வகுப்போடு அவள் நின்றுவிடுவாளோ என்பதுதான் என் கவலை.

என் அப்பாவும் என் சைக்கிளைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவர் லாரி ஓட்டுநர். பெற்றோர் கூட்டத்தில் எங்கள் இளஞ்செஞ்சிலுவைச் சங்கப் பொறுப்பாளர் சிஸ்டர், "ஏன் பிள்ளையை நடக்க விடுகிறீர்கள்?" என்று கேட்டார். அதற்கு அப்பா, "சிஸ்டர், எங்க கண்ணுக்குப் புள்ளைங்க தெரியறதே இல்ல. கேபின்ல ஏறி உக்காந்து பாத்தாத்தான் அது புரியும்" என்றார்.

"அப்படியானால் வண்டியைக் கொண்டுவாருங்கள்" என்றார் சிஸ்டர்.

அப்பா இதை எதிர்பார்க்கவில்லை. முதலாளியிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, ஒரு சனிக்கிழமை காலையில் லாரியை எங்கள் விளையாட்டுத் திடலில் கொண்டுவந்து நிறுத்தினார். மாதா கெபியைச் சுற்றி அது திரும்பியபொழுது சிறுமிகள் கைதட்டினார்கள். எனக்குச் சற்று வெட்கமாகவும் இருந்தது. லாரியின் இடப்பக்கத்தில் முன்சக்கரத்தை ஒட்டி ஐந்து மாணவியரைச் சைக்கிளோடு நிற்கச் சொன்னார் அப்பா. முதலில் சிஸ்டரே அங்கியைப் பிடித்துக்கொண்டு கேபினில் ஏறினார். நாங்களெல்லாம் சிரித்தோம். ஸ்டியரிங்கின் முன் உட்கார்ந்து கண்ணாடியையும் சன்னலையும் மாறி மாறிப் பார்த்தவர், "பிள்ளைகள் எங்கே, போய்விட்டார்களா?" என்று கேட்டார். ஐந்து பேரும் அங்கேயேதான் நின்றார்கள்.

பிறகு நாங்கள் ஒவ்வொருவராக ஏறினோம். என் முறை வந்தபொழுது இடக் கண்ணாடியில் ஒரு ஹாண்டில்பாரின் நுனி மட்டும் தெரிந்தது. அப்பா எத்தனை உயரத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறார் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஓட்டுநருக்குத் தெரியாத இடத்தையெல்லாம் அவர் சுண்ணாம்புத்தூளால் தரையில் வரைந்தார். முன்னால் ஒரு பட்டை, இடப்பக்கத்தில் முறம்போல் விரிந்த ஒரு பெரிய இடம். அதற்குள் எங்கள் வகுப்பு முழுவதும் நிற்கலாம் போலிருந்தது.

கடைசியாக, ஒரு பழைய சைக்கிள் ரிம்மை மூலையில் வைத்துவிட்டு லாரியை மெதுவாக இடப்பக்கம் திருப்பினார். முன்சக்கரம் ரிம்மைத் தொடாமல் விலகிப் போயிற்று. பின்சக்கரமோ அதே வழியில் வராமல் மூலையை ஒட்டி உள்ளே வந்து, ரிம்மின்மேல் ஏறி இறங்கியது. அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. என் தோழி திடலின் ஓரத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னை இடித்த லாரிக்காரருக்குத் தான் இடித்ததே தெரிந்திருக்காதோ என்று பிறகு என்னிடம் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

லண்டன் மாநகரக் காவல்துறையினரும் சைக்கிள் ஓட்டுகிறவர்களை இப்படி லாரியில் ஏற்றிக் காட்டும் நிகழ்ச்சிகளை நடத்தியிருக்கிறார்கள் என்று சிஸ்டர் பின்னர் படித்துச் சொன்னார். அப்பாவுக்கு அதில் மிகுந்த பெருமை.

அதற்கடுத்த வாரமே எங்கள் வரிசை தொடங்கியது. ஊரில் மூன்று இடங்களில் கூடி, ஒருவர் பின் ஒருவராக வருகிறோம். முன்னால் ஒரு பத்தாம் வகுப்பு மாணவி. கடைசியில் சிவப்புத்துணி கட்டிய சைக்கிளில் இன்னொருத்தி. இருப்பதிலேயே சிறியவளின் வேகந்தான் எல்லோருக்கும் வேகம். லாரி நின்றால் அதன் பக்கத்தில் போகாமல் பின்னாலேயே நிற்க வேண்டும். கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் நமக்குத் தெரியவில்லையென்றால் அவருக்கும் நாம் தெரியமாட்டோம் என்பது அப்பா கொடுத்த சூத்திரம். மாதத்தின் முதல் சனிக்கிழமையில் சைக்கிள் கடை பாய் வந்து காசு வாங்காமல் பிரேக் பார்த்துக் கொடுக்கிறார். துப்பட்டாவும் பர்தாவும் சிக்காதிருக்கப் பின்சக்கரத்துக்கு வலை கட்டும் யோசனையும் அவருடையதே.

எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று எழுதினால் அது பொய்யாகும். ஏழாம் வகுப்பினர் பந்தயம் ஓட்டுகிறார்கள். மழை வந்தால் வரிசை கலைந்துவிடும். பையன்கள், "கல்யாண ஊர்வலம் வருதுடா" என்று கூவுகிறார்கள். வாசலுக்குமுன் வேகத்தடை வேண்டுமென்று மனுக் கொடுத்தோம். அதன் ரசீது பத்திரமாக இருக்கிறது. வெள்ளைக்கோடு மட்டும் வந்தது, அதுவும் ஒரே மாதத்தில் டயர்களோடு போய்விட்டது.

நெதர்லாந்து நாட்டைப் பற்றிச் சிஸ்டர் ஒருநாள் காலைக்கூட்டத்தில் சொன்னார். அங்கே 1971-இல் மட்டும் சாலை விபத்துகளில் மூவாயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். அவர்களுள் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். மகளை இழந்த பத்திரிகையாளர் ஒருவர் 1972-இல் எழுதிய கட்டுரையிலிருந்து ஓர் இயக்கம் பிறந்தது. அதன் பெயர், "குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்" என்பதாகும். தாய் தந்தையர் தெருவில் இறங்கிச் சாலையை மறித்தார்கள். இன்று உலகமே வியக்கும் அந்நாட்டுச் சைக்கிள் பாதைகளுக்கு அவர்களுடைய பிடிவாதமும் ஒரு காரணம். நாங்கள் சாலையை மறிக்கப் போவதில்லை, மதர் விடமாட்டார்கள்!

வரும் ஆண்டு எங்களுக்கு அரசின் விலையில்லாச் சைக்கிள் கிடைக்கும். 2001-02-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கிப் பின்னர் எல்லோருக்கும் விரிந்த திட்டம் அது. பதினோராம் வகுப்புக்குப் போனால் என் தோழிக்கும் ஒன்று வரும். அதில் ஏற அவளுடைய அப்பா விடுவாரா என்பதே கேள்வி.

அவர் கொஞ்ச நாளாகக் காலையில் டீக்கடை வாசலில் நின்று எங்கள் வரிசையைப் பார்க்கிறார். சென்ற வெள்ளிக்கிழமை என்னைக் கை காட்டி நிறுத்தி, "கடைசியா வர்றது எப்பவும் நீதானாம்மா?" என்று கேட்டார்.

"காலையில நான்தான், மாமா."

"சாயங்காலம்?"

பத்தாம் வகுப்புக்கு மாலையில் சிறப்பு வகுப்பு இருப்பதையும், அதனால் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கடைசியில் வருவதையும், அவள் சற்று அவசரக்காரி என்பதையும் சொன்னேன். அவர் டீ கிளாசைப் பலகையில் வைத்தார். கடைச் சுவரில் சாய்த்திருந்த தம் சைக்கிளைப் பார்த்தார்.

"நாலேகாலுக்குத்தானே விடறாங்க?" என்றார்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி