லோரிப் பாதையில் ஒரு கூடாரம்

எங்கள் வீட்டில் ஊர்ப்பெயர்கள் எல்லாம் மணிக்கணக்குகள். அப்பா கிள்ளானிலிருந்து கோத்தா பாருவுக்குச் சரக்கு லோரி ஓட்டிய காலத்தில், "பெந்தோங் தாண்டிட்டேன்" என்று போன் வந்தால் நாங்கள் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார வேண்டும். "ரவுப்" என்றால் படுக்கப் போக வேண்டும். "குவா மூசாங்" என்று அழைப்பு வரும்போது அம்மா மட்டும்தான் விழித்திருப்பார். திரும்பும் வழியில் பட்டர்வொர்த்தில் சரக்கு ஏற்ற வேண்டியிருந்தால் ஜெலி, கிரிக் வழியாக வருவார். அப்படியென்றால் கூட ஒரு நாள். இந்த ஊர்கள் எப்படி இருக்கும் என்று எனக்கும் தம்பிக்கும் தெரியாது. அப்பா வீட்டுக்கு வர இன்னும் எவ்வளவு நேரம் என்பது மட்டும் தெரியும்.

26 வருடம் ஓட்டினார். இரண்டு வருடத்துக்கு முன் இனிப்பு நீர் கண்ணைத் தொட்டது. லைசன்ஸ் புதுப்பிக்கும் மருத்துவப் பாரத்தில் டாக்டர் கையெழுத்துப் போடவில்லை. அன்றிலிருந்து வீட்டு முன்வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கோப்பை சீனி போடாத தே ஓ.

கேம்பிங் எங்களுக்குப் புதிதல்ல. நானும் கணவரும் பிள்ளைகளோடு உலு லங்காட் ஆற்றோரத்தில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வருவோம். இந்தப் பள்ளி விடுமுறைக்கு நான் வேறு கணக்குப் போட்டேன். அப்பாவின் பாதையிலேயே ஐந்து நாள், நான்கு கூடாரம் போடும் இடங்கள், ஏறத்தாழ 1000 கிலோமீட்டர். ஏழு பேர் உட்காரும் காடியில் ஆறு பேர். அம்மாதான் கேட்டார். "காசு குடுத்து காட்டுல படுக்கணுமா? எஸ்டேட்ல சும்மாவே படுத்தோமே." ஆனாலும் முதல் ஆளாக ஊறுகாய் போத்தலையும் சார்டின் டின்களையும் பெட்டியில் அடுக்கியது அவர்தான்.

நான் ஓட்டினேன். அப்பா பக்கத்து சீட்டில். காராக் நெடுஞ்சாலையின் ஒவ்வொரு வளைவிலும் அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது.

முதல் இரவு பெந்தோங் பக்கம் சமாங் நீர்வீழ்ச்சி. கணவர் இரண்டு கூடாரம் அடித்தார். பிள்ளைகள் உள்ளே போய்ச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா மட்டும் காடியின் முன் சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொண்டார். "உள்ள வந்து காலை நீட்டிப் படுங்க மாமா" என்று கணவர் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். "இல்ல தம்பி, எனக்கு இதுதான் பழக்கம். லோரில தூங்குறவன் காதத் தொறந்து வச்சிகிட்டுத்தான் தூங்குவான். டீசல் உறிஞ்ச வருவானுங்க, தார்ப்பாயக் கிழிக்க வருவானுங்க." இங்கே யாரும் வர மாட்டார்கள் என்று சொன்னேன். "தெரியும்மா" என்றார். சீட்டை விட்டு எழுந்திருக்கவில்லை.

மறுநாள் ரவுப். தங்கச் சுரங்கத்தால் பெயர் வாங்கிய ஊர், இப்போது மூசாங் கிங் டுரியானால் பெயர் வாங்கியிருக்கிறது. "இங்க என்னா இருக்கு தாத்தா?" என்று மகன் கேட்டான். ராத்திரியில் திறந்திருக்கும் டயர் கடை, தண்ணி நல்லா வரும் சூராவ் குழாய், லோரி நிறுத்தினால் யாரும் சத்தம் போடாத இடம் என்று அப்பா வரிசையாகச் சொன்னார். அவருக்குத் தெரிந்த ரவுப் சாலையின் இரண்டு ஓரமும்தான். அதற்கப்பால் ஊர் இருப்பது அவர் வேலைக்குத் தேவைப்படவில்லை.

கோலா லிப்பிஸில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. 1955 வரை பகாங்கின் தலைநகராக இருந்த ஊர். பழைய ரயில் நிலையம், பழைய கடை வரிசை, ஜெலாய் ஆறும் லிப்பிஸ் ஆறும் சேரும் முனை. அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தண்ணீரையே பார்த்தார். "இங்க ரெண்டு ஆறு சேருதா?" என்றார். எத்தனை நூறு முறை இந்தப் பக்கம் போயிருப்பார்! எல்லாம் இருட்டில். "சித்தி நூர்ஹலிசா வளர்ந்த ஊருன்னு தெரியும். ரேடியோல சொல்வாங்க."

அன்று ராத்திரி குவா மூசாங் போகும் வழியில் ஒரு கம்பத்து ஆற்றோரம் தங்கினோம். காலையில் குவா மூசாங் போய்ச் சேர்ந்தபோது அப்பாவே, "காடிய நிறுத்து" என்றார். சுண்ணாம்புக் குன்று செங்குத்தாக நிற்க, அதன் அடியில் ரயில் நிலையமும் பழைய கடைகளும். ஒரு கடையின் மேல்மாடியைக் காட்டினார். "அங்கதான் இருந்தேன். வெள்ளத்துல."

2014 டிசம்பர் வெள்ளம். கிளந்தானில் பல ஊர்கள் முழுகிய வெள்ளம். குவா மூசாங் துண்டிக்கப்பட்டது. மின்சாரம் இல்லை, போன் இல்லை. நான் அப்போது பல்கலைக்கழகத்தில் இருந்தேன். நான்கு நாள் அப்பாவிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. அம்மா சாமி விளக்கை அணையவிடாமல் எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருந்தார் என்று தம்பி சொன்னான். ஐந்தாம் நாள் அப்பா பேசினார்: "நல்லாருக்கேன்." வீட்டுக்கு வந்த பிறகும் அவ்வளவுதான்.

பத்து வருடம் கழித்து, அந்தக் கடைக்கு எதிரில் நின்று மீதியைச் சொன்னார். மேல்மாடியில் முப்பது நாற்பது பேர். பெரும்பாலும் மலாய்க் குடும்பங்கள், கைக்குழந்தைகள். ஒரு மக்சிக் இருந்த கொஞ்சம் அரிசியைக் கஞ்சியாகக் காய்ச்சி, லோரிக்காரர்களுக்கும் சேர்த்து ஊற்றினார். இரண்டாம் நாள் அரிசி தீர்ந்தது. அப்பாவின் லோரி மேட்டில் நின்றதால் நனையவில்லை. அதில் இருந்ததெல்லாம் பிஸ்கட்டும் மீயும். "சீலை ஒடச்சேன். வேற என்னா செய்றது? புள்ளைங்க அழுவுது." எத்தனை பெட்டி என்று ஒரு தாளில் எழுதிவைத்திருக்கிறார். அதை முதலாளியிடம் கொடுத்திருக்கிறார். பெட்டிக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்களாம்.

அம்மா மெதுவாகக் கேட்டார். "டயர் வெடிச்சதுக்குப் புடிக்கிறாங்கன்னு சொன்னீங்களே?"

"ம்."

"சொல்லியிருந்தா அந்த வருசம் முழுக்க ஒங்கள அப்படிப் பேசியிருக்க மாட்டேனே."

அப்பா பதில் சொல்லவில்லை. கீழே இப்போது கைப்பேசிக் கடை இருந்தது. அம்மா நேராக அங்கே போய், தனக்குத் தெரிந்த மலாயில் அந்த மக்சிக்கைப் பற்றி விசாரித்தார். கடைப்பையனுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவன் அப்போது சின்னப் பிள்ளையாக இருந்திருப்பான்.

மூன்றாம் இரவு டாபோங். ஸ்தோங் மலையிலிருந்து இறங்கும் ஜெலாவாங் அருவி தூரத்திலேயே வெள்ளைக் கோடாகத் தெரியும். இருட்டிய பிறகு ரயில் ஒன்று ஹாரன் அடித்தபடி காட்டுக்குள் போனது. கெமாசிலிருந்து தும்பாட் வரை போகும் கிழக்குக்கரைப் பாதை, 1931இல் முழுமையடைந்தது. ஜப்பான்காரன் காலத்தில் மெந்தகாப்புக்கும் கிராய்க்கும் இடையில் இதன் தண்டவாளங்களைப் பிடுங்கி சயாம் ரயிலுக்குக் கொண்டுபோனார்கள் என்று கணவர் சொன்னார். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலைப் பற்றியும் பேசினார்.

"எங்க தாத்தாவும் சயாமுக்குப் போய்ட்டு வந்தவருதான்" என்றார் அப்பா. எனக்கு அது செய்தி. "அங்க எப்படி இருந்துச்சின்னு கேட்டா, மழைன்னு மட்டும் சொல்வாரு."

இரும்பை ஒரு காட்டிலிருந்தும் ஆட்களைத் தோட்டங்களிலிருந்தும் எடுத்துப்போய் ஒரே இடத்தில் போட்டிருக்கிறார்கள். இரும்பு போனதற்குக் கணக்கு இருந்திருக்கும். திரும்பி வந்த மனிதர் ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார். அவர் பேரனும் "நல்லாருக்கேன்" என்ற ஒரு சொல்லோடுதான் வந்தார். நான் வாசித்த நம் கதைகளில் தோட்டம் நிறைய உண்டு, பட்டணமும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் உள்ள சாலை பெரும்பாலும் 'வந்து சேர்ந்தான்' என்ற ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்துக்குள் எங்கள் அப்பா 26 வருடம் இருந்திருக்கிறார்.

நான்காம் நாள் ஜெலியிலிருந்து கிரிக்குக் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை, 100 கிலோமீட்டருக்கும் மேல் காடும் மலையும். கம்யூனிஸ்டுகள் நடமாடிய காட்டில் ராணுவக் காவலோடு போட்ட சாலை, 1982இல் திறந்தார்கள். யானைப் படம் போட்ட மஞ்சள் பலகைகளைப் பிள்ளைகள் எண்ணிக்கொண்டே வந்தார்கள். ஏற்றத்தில் மேகம் கண்ணாடியில் படிந்தது. உச்சி தாண்டி இறக்கம் தொடங்கியதும் அப்பாவின் குரல் மாறியது.

"கியரக் கொற. பிரேக்க மிதிச்சிகிட்டே எறங்காத. சூடாயிரும், அப்புறம் புடிக்காது. எஞ்சின் இழுத்துப் புடிக்கட்டும்."

"யானை வந்தா என்னா செய்வீங்க தாத்தா?"

"நிப்பேன். ஹாரன் அடிக்கக் கூடாது, பெரிய லைட்டு போடக் கூடாது. அது போனப்புறம்தான் நாம போவணும். ரோடு அதோடது."

அந்த இறக்கத்தில் அவர் காலைப் பார்த்தேன். அசையாமல் இருந்தது.

பண்டிங்கில் தெமெங்கோர் ஏரியோரம் நிறுத்தினோம். நாங்கள் பாலத்தையும் தண்ணீரையும் படம் எடுத்தோம். அப்பா அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஓய்விடத்தின் ஓரத்தில் நான்கைந்து லோரிகள் நின்றன. ஒரு வண்டியின் நிழலில் இருபத்தைந்து வயசுப் பையன் ஒருவன் பாய் விரித்து உட்கார்ந்து நாசி பூங்குஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அப்பா போய் டயரைத் தட்டிப் பார்த்தார். அவன் நகர்ந்து இடம் விட்டான். அப்பா அவன் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார்.

மகள் பசி என்றாள். மேகம் கூடிக்கொண்டு வந்தது, மழைக்கு முன் கூடாரம் அடிக்க வேண்டும் என்று கணவர் மணியைப் பார்த்தார். "இருக்கட்டும்" என்றார் அம்மா. அரை மணி நேரம் காத்திருந்தோம்.

திரும்பி வந்து சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு அப்பா சொன்னார். "கோத்தா பாருவுக்குப் போறான். அவன் பொண்ணுக்கு ரெண்டு வயசாம். போன்ல காட்டுனான்."

பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "வீட்டுக்குப் போன் பண்ணுனியாடான்னு கேட்டேன்" என்றார்.