காது பார்க்கும் வீடு

ராஜபாளையம் நாய்க்குட்டி பிறக்கும்போது கண்ணும் மூடியிருக்கும், காதும் மூடியிருக்கும். இரண்டு வாரம் போல ஆனதும் கண் திறக்கும். காதுத் துளையும் அதையொட்டித் திறக்கும். அதற்கு அடுத்த சில வாரங்கள்தான் வளர்ப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்குகிற காலம். பால் நுரை போன்ற வெள்ளை உடம்பும் ரோஸ் மூக்குமாக ஒன்றையொன்று முட்டிக்கொண்டு கிடக்கிற குட்டிகளில் எதற்குக் காது கேட்கும், எதற்குக் கேட்காது என்பது அப்போதுதான் தெரியவரும். ஓர் ஈத்தில் எல்லாக் குட்டிக்கும் நன்றாகக் கேட்கலாம். ஒன்றோ இரண்டோ செவிடாகவும் இருக்கலாம். பார்த்த மாத்திரத்தில் யாராலும் சொல்ல முடியாது.

நான் போன வீடு ராஜபாளையத்தில், சஞ்சீவி மலை தெரிகிற ஒரு தெருவின் கடைசியில் இருக்கிறது. முன்னால் வேப்பமரம், பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான கொட்டகை. வீட்டுப் பெரியவர் சின்ன வயதிலிருந்தே நாய் வளர்ப்பவர். எந்த நாயை எதோடு சேர்ப்பது, எதைச் சேர்க்கவே கூடாது என்பதெல்லாம் அவர் முடிவு. ஆனால் குட்டி போட்ட பிறகு வீட்டில் அதிகாரம் கைமாறிவிடுகிறது. பிரசவம் பார்ப்பது, எடை போடுவது, பால் குடிக்காத குட்டியைத் தூக்கி மடியில் வைப்பது, காது பார்ப்பது எல்லாம் மருமகள். நூல் மில்லில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த பிறகு இந்த வேலையைக் கற்றுக்கொண்டார். கொட்டகை மூலையில் சின்ன கேமரா பொருத்தியிருக்கிறார்கள். ராத்திரி தாய்நாய் புரண்டு குட்டிமேல் படுத்துவிடாமல் இருக்கிறதா என்று படுத்தபடியே போனில் பார்த்துக்கொள்கிறார். முன்பெல்லாம் அரிக்கேன் விளக்கோடு கொட்டகையிலேயே உட்கார்ந்திருப்போம் என்றார் பெரியவர்.

காது பார்க்கிற வேலையை மருமகள் அன்று எனக்குக் காட்டினார். ஐந்து வாரக் குட்டிகள். ஒவ்வொன்றாகத் தூக்கி, தாயும் உடன்பிறப்புகளும் கண்ணில் படாத உள்ளறைக்குக் கொண்டுபோனார். தரையில் இரண்டு சாக்கு மடித்துப் போட்டிருந்தது.

"எல்லாத்தையும் சேத்து வச்சுப் பாத்தா ஏமாந்துருவோம்ணே. ஒண்ணு திரும்புனா கேக்காததும் சேந்து திரும்பும். பாத்துப் பாத்தே பழகிரும்" என்றார்.

சாக்கு எதற்கு என்றால், தரை அதிர்வை மறைக்க. காலைத் தட்டினாலோ கதவை அடைத்தாலோ செவிட்டுக் குட்டிக்கும் பாதம் வழியாகத் தெரிந்துவிடும். ஃபேனை நிறுத்தினார். கிண்ணத்தில் கேப்பைக் கூழும் மோரும் கலந்து வைத்து, குட்டி அதில் முகத்தைப் புதைக்கிற வரை காத்திருந்தார். பிறகு சத்தமில்லாமல் அதன் பின்னால் போய், நிழல் முன்னால் விழாதபடி நின்று, சாவிக்கொத்தை லேசாகக் குலுக்கினார். கை தட்டக் கூடாதாம். தட்டினால் காற்று முதுகில் படும். முதல் குட்டி தலையைத் தூக்கவேயில்லை. எனக்குப் பகீரென்றது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்து, குட்டியின் காதடியைக் காட்டினார். தலை அசையவில்லை. ஆனால் காது முளைக்கிற இடத்தில் தசை ஒரு நொடி சுண்டியது. பசிதான் பெரிதாக இருந்திருக்கிறது, கேட்கத்தான் செய்கிறது. அடுத்தது போனில் பதிந்து வைத்திருக்கிற பூனைச் சத்தம், அதற்கடுத்து எவர்சில்வர் தட்டில் கரண்டி. மெல்லிய சத்தம் ஒன்று, கனத்த சத்தம் ஒன்று என்று மாற்றி மாற்றி. ஒரே நாளில் முடிவு கட்டுவதில்லை. தூங்கும்போது ஒருமுறை, விளையாடும்போது ஒருமுறை என்று பல நாள் பார்த்து நோட்டில் குறிக்கிறார்.

நான்காவதாக வந்தது ஒரு பொட்டைக் குட்டி. இருந்ததிலேயே அழகு அதுதான். சாவிக்கு அசையவில்லை. பூனைக்கு அசையவில்லை. தட்டின் ஓசை எனக்கே காதில் அறைந்தது. குட்டி கிண்ணத்தை நக்கிக்கொண்டிருந்தது. காதடியிலும் ஒன்றுமில்லை. அவர் உட்கார்ந்து அதன் முதுகைத் தடவினார். தொட்டதும் குட்டி துள்ளித் திரும்பியது.

"எனக்கு முன்னாடியே சந்தேகந்தான். வெளையாடும்போது இது மட்டும் அழுத்திக் கடிக்குது. மத்த குட்டி கத்துறது இதுக்குக் கேட்டாத்தான விடும்?"

எந்த ஆய்வுக்கூடமும் இல்லாமல் இப்படிக் கண்டுபிடிக்கிற கூர்மையின் மேல் எனக்கு மரியாதை கூடியது. இதில் பிடிபடாதது ஒன்று உண்டு. ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இந்தச் சோதனையில் தப்பிவிடும். அதைக் கண்டுபிடிக்க, ஒலி காதில் விழும்போது மூளைத்தண்டு வரை போகிற மின்சமிக்ஞையை அளக்கும் கருவி வேண்டும். பச்சைக் குழந்தைகளுக்குச் செய்கிற அதே பரிசோதனைதான்; நாய்க்கு ஐந்து வாரத்திலிருந்து செய்யலாம். அந்த மாதிரி வசதி இந்த ஊரிலேயே இருந்தால் நல்லது என்று அந்தப் பெண் ஆசைப்படுகிறார். நியாயமான ஆசை.

வெள்ளைக்கும் செவிட்டுக்கும் என்ன உறவு? உள்காதில் ஒலியை வாங்குகிற நுண்ணிய மயிர்ச் செல்கள் உயிரோடு இருக்க, அவற்றைச் சுற்றியுள்ள திரவத்தில் உப்புகளின் அளவு சரியாக இருக்க வேண்டும். அந்த அளவைக் காப்பதில், தோலுக்கு நிறம் தருகிற அதே வகை நிறமிச் செல்களுக்குப் பங்கு உண்டு. உடம்பெல்லாம் வெள்ளையாக வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கும்போது, சில குட்டிகளில் நிறமிச் செல்கள் உள்காது வரை போய்ச் சேருவதில்லை. பிறந்த சில வாரங்களில் அந்தப் பகுதி நலிந்து, கேட்கும் திறன் போய்விடுகிறது. இது நம்மூர் நாய்க்கு மட்டும் வந்த குறை அல்ல. அமெரிக்காவின் லூசியானாவில் ஜார்ஜ் ஸ்ட்ரெய்ன் என்ற பேராசிரியர் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தவர். சோதிக்கப்பட்ட டால்மேஷன் நாய்களில் ஏறக்குறைய 30 சதவீதத்துக்கு ஒரு காதோ இரண்டு காதுமோ கேட்கவில்லை. பிறக்கும்போதே உடம்பில் பெரிய கறுப்புத் திட்டோடு வருகிற டால்மேஷன்களுக்குச் செவிடு குறைவு என்பதும் தெரியவந்தது. அப்படித் திட்டு இருந்தால் அமெரிக்கக் கண்காட்சி இலக்கணப்படி அந்த நாய்க்குக் களத்தில் இடமில்லை. நன்றாகக் காது கேட்கக்கூடிய வழியை அழகின் பெயரால் அடைத்துவைத்திருக்கிறார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

ராஜபாளையம் நாய் எப்போதும் வாசலில் கட்டிக் கிடந்த நாய் அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போன நாய். புதருக்குள் பன்றி நகர்கிற சத்தமும் பின்னால் மனிதன் கொடுக்கிற குரலும் கேட்காத நாய் அந்த வேலையில் பிழைக்காது. வேலையே காதைத் தேர்ந்தெடுத்தது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, வேட்டை போனது. போக வேண்டியதுதான். ஆனால் வேட்டையோடு அந்தத் தேர்வும் போய்விட்டது. அதன் இடத்துக்குக் கண் வந்து உட்கார்ந்தது. நல்ல வெள்ளையா, மூக்கு ரோஸா, உயரம் எவ்வளவு என்பதே கேள்வியாகிவிட்டது.

பெரியவர் முன்னறை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தபால்தலை வைத்திருக்கிறார். 2005 ஜனவரி 9 அன்று இந்திய அஞ்சல்துறை நான்கு இந்திய நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. இமாலய ஆட்டுநாய், ராம்பூர், முதோல் ஆகியவற்றோடு ராஜபாளையமும் இருந்தது. அன்று ஊரே பேசிக்கொண்டது என்றார். அதைவிடப் பெரிதாக அவர் நினைவில் இருப்பது 2020 ஆகஸ்ட் 30. ஊரடங்கு முழுதாக விலகாத ஞாயிற்றுக்கிழமை. பிரதமர் தன் வானொலி உரையில் நாட்டு நாய்களை வளர்க்கச் சொல்லி, ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசினார். மதியத்துக்குள் வீட்டு போன் ஓயாமல் அடிக்க ஆரம்பித்ததாம். டெல்லியிலிருந்து, புனேயிலிருந்து, பாஷை தெரியாத ஆட்களெல்லாம் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"சந்தோசந்தான் தம்பி, இல்லேங்கல. ஆனா அத்தனை பேரும் போட்டோ அனுப்பு, வீடியோ அனுப்புன்னாங்களே ஒழிய, ஒருத்தன் காது கேக்குமான்னு கேக்கல."

வாட்ஸ்அப்பில் நிறம் தெரியும், நடை தெரியும், மூக்கு தெரியும். காது தெரியாது. அந்த மாதங்களில் அவசரத்துக்குக் குட்டி உண்டாக்கி, கண் திறந்து சில நாளிலேயே அட்டைப்பெட்டியில் பஸ் ஏற்றியவர்களும் உண்டு என்று வருத்தத்தோடு சொன்னார். 2017இல் வந்த நாய் இனப்பெருக்க விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. தாய்ப்பாலுக்காகவும் பழக்கத்துக்காகவும் வைத்த வரம்பு அது; காது பார்க்கிற கணக்குக்கும் அது கச்சிதமாகப் பொருந்துகிறது. எட்டு வாரத்தில் மருமகளின் நோட்டு முடிந்திருக்கும்.

கண்காட்சிக்கும் இந்த வீட்டு நாய்கள் போயிருக்கின்றன. அங்கேயும் ஒரு கைவேலை இருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. பெரியவரின் மகன் கொட்டகை வாசலில் ஒரு கடுவனை நிறுத்திக் காட்டினார். முன்கால்கள் தோளுக்கு நேர் கீழே, பின்கால்கள் கணுவுக்குக் கீழ் செங்குத்தாக, முதுகுக் கோடு தெரிய, கழுத்து எழும்பி. வாரை இழுக்கவே இல்லை, இரண்டு விரலில் தொங்கியது. நடுவர் வந்து உதட்டை விலக்கிப் பல் பார்ப்பார்; வளர்ந்த நாய்க்கு 42 பல் இருக்க வேண்டும், மேல்வரிசை கீழ்வரிசைக்குச் சற்று முன்னால் கத்தரிக்கோலாகப் பொருந்த வேண்டும். கடுவனுக்கு விரை இரண்டும் இறங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். பிறகு நேராக ஓட்டு, வட்டமாக ஓட்டு என்பார். ஓட்டத்தில் பொய் சொல்ல முடியாது என்றார் மகன். மூட்டில் கோளாறு இருந்தால் பத்தடியில் தெரிந்துவிடுமாம். அமெரிக்கன் கென்னல் கிளப் விதியில் செவிட்டு நாய் போட்டியிடக் கூடாது என்றே இருக்கிறது. ஆனால் ஒரு காது மட்டும் கேட்கிற நாயை எந்த நடுவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? அந்த நாய் கோப்பை வாங்கும், கோப்பை வாங்கியதாலேயே பல ஈத்துக்குத் தகப்பனாகும். பரிசு வாங்கும் நாய்க்குக் காதுச் சான்றும் கட்டாயம் என்று நம் சங்கங்கள் விதி வைக்க வேண்டும். செலவு பிடிக்கும், ஆனாலும் இனத்தைக் காப்பாற்ற வேறு குறுக்குவழி எனக்குத் தெரியவில்லை.

அரசாங்கமும் ஒரு காலத்தில் நாட்டு நாய் வளர்த்துப் பார்த்தது. சென்னை சைதாப்பேட்டையில் கால்நடைத் துறை நாட்டு நாய் இனப்பெருக்க நிலையம் நடத்தியது. 2016இல் உயர் நீதிமன்ற உத்தரவால் அது மூடப்பட்டது. இப்போது இந்த இனம் பெரும்பாலும் தனியார் வீடுகளின் மனசாட்சியில் நிற்கிறது. எழுத்தாளர் தியடோர் பாஸ்கரன் போன்றவர்கள் நாட்டு நாய்களைப் பற்றி நீண்ட காலமாக எழுதியதால்தான் பெயராவது பொதுவெளியில் நிலைத்தது.

செவிட்டுக் குட்டிகளை முன்பு என்ன செய்வார்கள் என்று கேட்டேன். பெரியவர் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு, "இருக்க விட மாட்டாங்க தம்பி" என்றார். செவலையாகவோ மறையாகவோ பிறந்த குட்டிக்கும் அதே கதிதான். வெள்ளை மட்டுமே மிச்சம் வைத்து வைத்து, வெள்ளையையே வெள்ளையோடு சேர்த்துச் சேர்த்து இங்கே வந்து நிற்கிறோம். மருமகள் வந்த பிறகு இந்த வீட்டில் அந்த வழக்கம் நின்றது. நான் போனபோது மூன்று வயதான ஒரு செவிட்டு நாய் அங்கே இருந்தது. உள்ளங்கையைக் கீழே காட்டினால் உட்கார்கிறது, மார்பில் தட்டிக் காட்டினால் ஓடி வருகிறது. ராத்திரி கூப்பிட போன் டார்ச்சை இரண்டு முறை மின்னவிடுகிறார்கள். தூங்கும்போது தொட்டு எழுப்பக் கூடாது, மூக்குக்கு அருகே கையை நீட்டி வாசம் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் பதறிக் கடித்துவிடும். வண்டி வருவது கேட்காது என்பதால் வெளியே அவிழ்த்து விடுவதே இல்லை. கருத்தடை செய்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட குட்டிகளைக் காசுக்குக் கொடுப்பதில்லை. சுற்றுச்சுவர் உள்ள, நாய் தெரிந்த வீடு கிடைத்தால் விவரம் சொல்லிக் கொடுக்கிறார்கள், இல்லையென்றால் இங்கேயே இருக்கும். அன்று சோதனையில் அசையாத பொட்டைக் குட்டிக்கும் அப்படித்தான்.

அதற்கு முன்பதிவு இருந்தது. வெளியூர்க்காரர், பணமும் போட்டிருந்தார். நான் இருக்கும்போதே மருமகள் அவரைக் கூப்பிட்டு, குட்டிக்குக் காது கேட்கவில்லை, பணத்தைத் திருப்பி அனுப்புகிறோம் என்று சொன்னார். அவர் வேறு வெள்ளைக் குட்டி கேட்டார். அடுத்த ஈத்தில் திட்டு உள்ளதும் வரலாம், வாங்கிக்கொள்வீர்களா என்று இவர் கேட்டதற்கு, வேண்டாம் என்று வைத்துவிட்டார்.

அடுத்த சேர்க்கைக்குப் பெரியவர் பார்த்து வைத்திருக்கிற கடுவனின் இரண்டு காதும் செவலை, தலையிலும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அதன் அண்ணன் தம்பி, அதன் முந்தைய ஈத்துக் குட்டிகள் வரை காதைப் பற்றி விசாரித்துவிட்டு வந்திருக்கிறார். இந்த வட்டாரத்தில் சிலர் இதைக் கலப்பு என்று குறை சொல்வார்கள் என்பது அவருக்குத் தெரியும். சினை 63 நாள் கணக்கு. ஐப்பசியில் குட்டி எதிர்பார்க்கிறார்கள். இதுவரை பதிவு செய்திருப்பவர்களில் ஒருவர் அய்யனார் கோவில் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறார். ராத்திரியில் காட்டுப்பன்றி இறங்கி வேரைக் கிளறுகிறதாம். நிறம் எதுவானாலும் சரி, சத்தம் கேட்டு எழுந்து குரைக்கிற குட்டியாகக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்.